எங்கள் படிப்பு ‘சொந்த விருப்பம்’ அல்ல: பள்ளிப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய உள்ளடக்கிய கல்விப் பிரிவு அதிகாரிகளுக்கு,

சென்ற மாதம் ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தேன். பேச்சு வராத குழந்தைகளுக்குப் படப் பலகை வழியாகவும் செயலி வழியாகவும் தொடர்புகொள்ளக் கற்றுக்கொடுப்பது பற்றிச் சென்னையில் மூன்று நாள் பயிற்சி. எங்கள் தொழிலைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் சி.ஆர்.இ. புள்ளிகளும், அதாவது தொடர்கல்விப் புள்ளிகளும் உண்டு. கட்டணத்தை நானே கட்டுகிறேன், ரயில் டிக்கெட்டும் நானே போட்டுக்கொள்கிறேன், அந்த மூன்று நாளை மட்டும் ஓ.டி.யாக, அதாவது பணியில் இருந்த நாளாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தேன். ஒன்பது நாள் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தது: ‘இது பணியாளரின் சொந்த விருப்பம். ஓ.டி. வழங்க இயலாது.’ போனால் மூன்று நாள் தொகுப்பூதியம் பிடித்தம்.

அதே வாரத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. சிறப்புப் பயிற்றுநர்கள், இயன்முறை மருத்துவர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள் அனைவரும் இரண்டு நாள் பணியிடைப் பயிற்சியில் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும், விடுப்பு எடுக்கக் கூடாது. பொருள்: உதவி உபகரண முகாமுக்கான படிவங்கள், இணையப் பதிவேற்றம், சக்கர நாற்காலிக்கு அளவெடுக்கும் முறை.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்புறம்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

நான் தென் மாவட்டம் ஒன்றில் வட்டார வள மையத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். இரண்டு வட்டாரங்களை நான் ஒருத்திதான் பார்க்கிறேன். படித்தது நான்கு ஆண்டுப் பட்டம், அதில் கடைசி ஓராண்டு மருத்துவமனையில் உள்ளிருப்புப் பயிற்சி. அங்கே ஒலி புகாத அறை இருந்தது. நான் குழந்தையோடு வேலை செய்யும்போது ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் மேடம் உட்கார்ந்து பார்ப்பார். வெளியே வந்ததும், ‘அந்தப் பிள்ளை உன்னைப் பார்த்த நேரத்தில் நீ கார்டைப் பார்த்தாய்’ என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் கற்றுக்கொண்டது இன்றுவரை கையில் இருக்கிறது.

பள்ளிக்கு வந்த பிறகு நான் வேலை செய்வதை யாரும் பார்த்ததில்லை. பதினோரு ஆண்டில் ஒருமுறைகூட இல்லை. என் பதிவேட்டைப் பார்த்திருக்கிறார்கள், வருகைப் பதிவைப் பார்த்திருக்கிறார்கள், குழந்தைகளின் எண்ணிக்கையைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு குழந்தையோடு நான் உட்கார்ந்து வேலை செய்வதை, என் தொழில் தெரிந்த ஒருவர் வந்து பார்த்து, ‘இது சரி, இதை மாற்று’ என்று சொன்னதில்லை. மருத்துவமனையில் இருக்கும் என் வகுப்புத் தோழிக்குப் பக்கத்து மேசையில் சீனியர் இருக்கிறார். சந்தேகம் வந்தால் எழுந்து போய்க் கேட்கலாம். எனக்குப் பக்கத்தில் சத்துணவுக் கூடம் இருக்கிறது.

அந்த இடத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பல பள்ளிகளில் எனக்குத் தரப்படுவது சமையலறையை ஒட்டிய வராந்தாதான். தனி அறை இல்லாத பள்ளியில் தலைமை ஆசிரியர் வேறு என்னதான் செய்வார், அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பதினொன்றரை மணிக்கு அங்கே தாளிப்பார்கள். காது சரியாகக் கேட்காத குழந்தைக்கு ‘ஸ்’ என்ற ஒலியை நான் காட்டிக்கொண்டிருக்கும்போது, தாளிப்பும் ‘ஸ்’ என்றுதான் கேட்கும். கல்லூரியில் படித்த எதுவும் இந்த இடத்துக்குச் சொல்லப்பட்டது அல்ல. வாரம் ஒருநாள், இருபது நிமிடம், சத்தத்துக்கு நடுவில், மீதி நாளெல்லாம் வகுப்பாசிரியரின் கையில் இருக்கும் குழந்தைக்கு எப்படி வேலை செய்வது? ஆசிரியரோடு சேர்ந்து பாடத்துக்குள்ளேயே பேச்சுப் பயிற்சியை எப்படி நுழைப்பது? பள்ளிப் பேச்சுப் பயிற்சி என்பதே ஒரு தனி வேலை. அதை யாரும் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

கற்றுக்கொடுக்காததால் என்ன ஆனது என்று சொல்கிறேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாவிட்டால் இந்த மடலுக்கு அர்த்தம் இல்லை.

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன். முதல் வகுப்பில் சேர்ந்தபோது என்னிடம் வந்தான். சொல்வதெல்லாம் புரியும். வாயிலிருந்து ஒலி வரும், சொல் வராது. எனக்குத் தெரிந்ததை வைத்து அவனுக்கு வேலை கொடுத்தேன். மெழுகுவர்த்தியை ஊது, ஸ்ட்ராவில் உறிஞ்சு, கன்னத்தை உப்பு, உதட்டில் தடவிய தேனை நாக்கால் எடு. வாரம் ஒருநாள், இரண்டு ஆண்டு. அவன் அம்மா அரை நாள் கூலியை விட்டுவிட்டு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார். வீட்டிலும் விடாமல் செய்தார். இரண்டு ஆண்டு முடிவில் அவன் மெழுகுவர்த்தியை நன்றாக ஊதினான். பேச்சு வரவில்லை.

ஊதுவதும் நாக்கை நீட்டுவதும் பேச்சொலியைக் கொண்டுவரும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று எங்கள் துறையில் பல ஆண்டுகளாகவே எழுதிவருகிறார்கள். ஊதும்போது உதடு வேலை செய்வது வேறு, ‘ப’ என்று சொல்லும்போது வேலை செய்வது வேறு. எனக்கு இது தெரியாமல் போனது. நான் படித்து வெளியே வந்த நாளோடு என் அறிவு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு துறை என்னை அனுப்பிய எந்தப் பயிற்சியிலும் இதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லப்போனால், ஒரு பயிற்சியில் வந்த கருத்தாளரே எங்களை எழுந்து நிற்கவைத்து நாக்குப் பயிற்சிதான் செய்யச் சொன்னார்.

திருச்சியில் ஒரு கல்யாண வீட்டில் பழைய தோழியைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். சாப்பிட்ட கையோடு அவள் செல்போனில் ஒரு படப் பலகையைக் காட்டினாள். பன்னிரண்டு கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு படம், கீழே ஒரு சொல். ‘இவனுக்குப் பேச்சு வரும்வரை காத்திருக்காதே, இப்போதே பேசக் கொடு’ என்றாள். ஊருக்கு வந்து ஜெராக்ஸ் கடையில் அப்படி ஒன்றைப் பிரின்ட் எடுத்து லேமினேஷன் போட்டேன். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, பழக்கத்தில் மெழுகுவர்த்தியை எடுத்து மேசையில் வைத்தேன். அவன் கை இழுத்துக்கொண்டே போனது. நேரம் ஆனது. பலகையில் ‘வேண்டாம்’ என்ற கட்டத்தின் மேல் போய் நின்றது. அதுதான் அவன் என்னிடம் சொன்ன முதல் சொல். இரண்டு ஆண்டாகச் சொல்ல நினைத்திருப்பான்.

அவன் அம்மா அழுதார். நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக.

நீங்கள் ‘சொந்த விருப்பம்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிய பயிற்சி இதைப் பற்றியதுதான். பலகையின் முதல் பன்னிரண்டு கட்டத்தோடு நான் நிற்கிறேன். அந்தப் பையன் இப்போது நான்காம் வகுப்பு. அவனுக்குக் கதை சொல்ல வேண்டும், சண்டை போட வேண்டும், ‘டீச்சர், எனக்குப் புரியவில்லை’ என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டிலிருந்து அறுபதுக்கு எப்படிப் போவது, கை வராத குழந்தை கண்ணால் எப்படிக் காட்டுவது, எப்போது செயலிக்கு மாறுவது என்றெல்லாம் கல்யாணப் பந்தியில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. சென்னையிலேயே உருவான ஆவாஸ் செயலி தமிழ் பேசும். அதே சென்னையில் வித்யாசாகர் போன்ற அமைப்புகள் இந்த வேலையில் பல ஆண்டு அனுபவம் உள்ளவை. அறிவு ஓர் இரவு ரயில் தூரத்தில் இருக்கிறது. நடுவில் நிற்பது ஓரத்தில் எழுதிய ஒரு வரி.

இன்னொன்று. தலைமை ஆசிரியர் ஒருவர் என்னிடம், ‘படத்தைக் காட்டியே பழகிவிட்டால் அப்புறம் பேசவே மாட்டானே?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி, எல்லா அம்மாக்களும் கேட்பதுதான். படப் பலகை பேச்சைத் தடுப்பதில்லை, பல குழந்தைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடவே செய்கிறது என்பதே ஆய்வுகள் காட்டுவது. ஆனால் அன்று எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. ‘பார்ப்போம் சார்’ என்றேன். பலகை ஒரு மாதம் பீரோவுக்குள் போய்விட்டது.

இனி தமிழ் பற்றிச் சொல்கிறேன். பணியிடைப் பயிற்சியில் பேச்சு பற்றி எப்போதாவது அரை மணி நேரம் ஒதுக்குவார்கள். அப்போது திரையில் வருவது ஆங்கில ஸ்லைடு. எந்த வயதில் எந்த ஒலி வர வேண்டும் என்ற அட்டவணை ஆங்கில ஒலிகளுக்கு. அதில் ழ இல்லை, ள இல்லை, ண இல்லை. என் குழந்தைகள் பேசும் மொழியே அதில் இல்லை.

இதனால், குறைபாடுள்ள குழந்தைகளைப் பட்டியல் எடுக்கும் முகாமில் என்ன நடக்கிறது தெரியுமா? ஒரு பெண் குழந்தை ‘வாளப்பளம்’ என்று சொன்னதால் ‘பேச்சுக் குறைபாடு’ பட்டியலில் எழுதப்பட்டு என்னிடம் அனுப்பப்பட்டாள். அவள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தத் தெருவே அப்படித்தான் சொல்லும். அது வட்டார வழக்கு. குறைபாட்டையும் வழக்கையும் பிரித்துப் பார்ப்பது பேச்சுப் பயிற்சியின் அரிச்சுவடி. பட்டியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் போதும். அந்தக் குழந்தை மூன்று மாதம் தன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வகுப்பில் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

அதே பள்ளியில் ஒரு சிறுவன் காக்கையைப் பார்த்து ‘தாத்தா’ என்பான். கப்பல் அவனுக்குத் ‘தப்பல்’. வீட்டில் செல்லமாகச் சிரித்தார்கள், பள்ளியில் ‘மழலை, போகப் போகச் சரியாகிவிடும்’ என்றார்கள். இரண்டு வயதில் அது மழலைதான், ஏழு வயதில் அல்ல. நாக்கின் பின்பகுதியில் பிறக்க வேண்டிய ‘க’ முன்பகுதிக்கு வந்து ‘த’ ஆகிவிடுகிறது. இவனுக்கு என்ன செய்வது? இரண்டு படம் போதும். ஒன்றில் காக்கா, ஒன்றில் தாத்தா. ‘காக்காவைக் கொடு’ என்று நான் கேட்கும்போது அவன் சரியாக எடுக்கிறானா, ‘காக்கா’ என்று கேட்பதாக நினைத்து அவன் ‘தாத்தா’ என்று சொன்னால் நான் தாத்தா படத்தைக் கொடுத்துவிடுகிறேன், அப்போது அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். தான் சொன்னது வேறு, அவர்களுக்குக் கேட்டது வேறு என்று அவனுக்கே உறைக்கும் நிமிடம் அது. அங்கிருந்துதான் வேலை தொடங்குகிறது. தமிழ் நமக்கு இப்படி எத்தனையோ சோடிகளைத் தயாராக வைத்திருக்கிறது. வலி, வழி. மலை, மழை. இவற்றையெல்லாம் வயது வாரியாக, கடினம் வாரியாகத் தொகுத்து ஒரு கையேடாக யாரும் எங்கள் கையில் கொடுத்ததில்லை. நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்து மாவட்டத்தில் இருப்பவர் வேறொரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இருவரும் சந்தித்ததே இல்லை.

படப் பலகையிலும் இதே கதைதான். ஆங்கிலப் பலகையை அப்படியே மொழிபெயர்த்துத் தருகிறார்கள். முதல் கட்டம் ‘நான்’. ஏனென்றால் ஆங்கிலத்தில் ஒன்று வேண்டும் என்றால் ‘நான்’ என்று தொடங்கித்தான் சொல்வார்கள். நம் பிள்ளை எது ‘நான் தண்ணீர் வேண்டும்’ என்று கேட்கும்? ‘தண்ணி வேணும்’ என்று கேட்கும். கட்டத்தில் எழுத வேண்டியது ‘வேண்டும்’ என்றா, ‘வேணும்’ என்றா? புத்தகத் தமிழைப் போட்டால் குழந்தை வீட்டில் கேட்காத மொழி, பேச்சுத் தமிழைப் போட்டால் ஆசிரியர் ‘தப்பாக எழுதியிருக்கிறீர்கள்’ என்கிறார். நான் கட்டத்தில் ‘வேணும்’ என்று வைத்துக்கொண்டு, வாசிக்கத் தொடங்கிய குழந்தைக்கு மட்டும் ‘வேண்டும்’ என்று மாற்றுகிறேன். இது சரியா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. கேட்பதற்கு ஆள் இல்லை. எங்களைப் போன்றவர்கள் நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி ஒரு நாள் உட்கார்ந்தால் தீர்ந்துவிடும் கேள்வி இது.

நீங்கள் நடத்தும் பயிற்சிகளை நான் குறைத்துப் பேசவில்லை. சக்கர நாற்காலிக்கு அளவெடுப்பது முக்கியமான வேலை, தவறாக எடுத்தால் குழந்தையின் முதுகு வளையக்கூடும். இயன்முறை மருத்துவர்களுக்கு அதை ஆழமாகக் கற்றுக்கொடுங்கள். ஆனால் எண்பது பேர் உட்கார்ந்த கூடத்தில் பேச்சுப் பயிற்சியாளர்கள் நாங்கள் இருவர். எங்கள் மாவட்டத்தில் மொத்தமே இருவர்தான். இரண்டு பேருக்காகத் தனியாக எப்படிப் பயிற்சி வைப்பது என்று கேட்பீர்கள். மாவட்டத்துக்கு இரண்டு பேர் என்பதால்தான் மாநில அளவில் சேர்த்து வைக்க வேண்டும் என்கிறேன். கூடவே இன்னொன்றும் கவனித்தேன். சென்ற முறை கருத்துக் கேட்புப் படிவம் முதல் நாள் மதியமே கொடுக்கப்பட்டது. இரண்டாம் நாள் என்ன கற்றோம் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து வகுப்பறையில் ஏதாவது மாறியதா என்றும் கேட்கவில்லை.

ஒரு கூடத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதால் மட்டும் ஒருவரின் வேலை மாறாது. கேட்க வேண்டும், செய்துகாட்டப் பார்க்க வேண்டும், தானே செய்ய வேண்டும், செய்ததை ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும், அப்புறம் தன் இடத்துக்குப் போன பிறகும் கொஞ்ச காலம் கூட ஒருவர் நிற்க வேண்டும். ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த ஜாய்ஸ், ஷவர்ஸ் இருவரும் 1980களிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் நாதஸ்வரம் கற்பவர்களுக்கு அதற்கும் முன்பே தெரியும்.

சட்டத்துக்கு வருகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவைத் தயவுசெய்து மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உள்ளடக்கிய கல்விக்குத் துணைநிற்கும் வல்லுநர்களுக்கும் பணியாளர்களுக்கும் பள்ளிக் கல்வியின் எல்லா நிலைகளிலும் பயிற்சி அளிப்பதை அது அரசின் பொறுப்பாக வைக்கிறது. அதே பிரிவு, பேச்சும் மொழியும் தடைப்பட்டவர்கள் அன்றாடம் தொடர்புகொள்ள, சொந்தப் பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் உள்ள முறைகளை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. அதாவது, என் விண்ணப்பத்தில் இருந்த பயிற்சியின் பொருள் அப்படியே சட்டத்தில் இருக்கிறது. சட்டம் உங்கள் கடமை என்று சொல்வதை, ஓர் அலுவலகக் குறிப்பு என் சொந்த விருப்பம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

சி.ஆர்.இ. புள்ளிகளுக்கும் இதுவே பொருந்தும். மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருந்தால்தான் நான் இந்த வேலையைச் செய்யலாம். பதிவைப் புதுப்பிக்கப் புள்ளிகள் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பதிவுச் சான்றிதழ் நகலை நீங்கள் கேட்டு வாங்குகிறீர்கள். அது காலாவதியானால் வேலை போய்விடும். புள்ளிக்கான பயிற்சிக்குப் போனால் சம்பளம் பிடித்தம். வேலைக்குக் கட்டாயம் என்று கேட்கும் ஒன்றைப் பெறுவதற்கான நாளை வேலை நாளாக ஏற்க மறுப்பது எந்த விதத்தில் நியாயம்? கடந்த முறை புதுப்பித்தபோது புள்ளிகள் குறைந்ததால் மலிவாகக் கிடைத்த ஆன்லைன் நிகழ்ச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்தேன். அதில் ஒன்று முதியவர்களின் விழுங்கும் சிரமம் பற்றியது. நல்ல வகுப்புதான். என் பள்ளிகளில் முதியவர்கள் இல்லை.

கடைசியாக ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லிவிட்டு என் கோரிக்கைகளுக்கு வருகிறேன். இரண்டாம் வகுப்புப் பெண். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது உள்காதில் அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் கேட்புக் கருவி வைத்தவள். அரசு அவ்வளவு பெரிய செலவைச் செய்திருக்கிறது, அவள் அம்மா அப்பா மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்து பேச்சுப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பள்ளியில் அவள் காதுக்குப் பின்னால் இருந்த மெஷின் மூன்று வாரம் வேலை செய்யவில்லை. ஒருவருக்கும் தெரியவில்லை. உதட்டைப் பார்த்தே சமாளித்திருக்கிறாள். ‘இப்பல்லாம் கவனிக்கறதே இல்லை’ என்றார் டீச்சர். நான் வாரம் ஒருநாள் போகிறவள், அதிலும் இரண்டு வாரம் முகாம் வேலையில் போய்விட்டது.

காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது இரண்டு நிமிடம் போதும். வாயை மறைத்துக்கொண்டு ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்ல வேண்டும், கேட்டதும் குழந்தை கையைத் தூக்க வேண்டும், அல்லது திருப்பிச் சொல்ல வேண்டும். லிங் ஒலிச் சோதனை என்று இதற்குப் பெயர். எனக்குப் பெயர் தெரியும், கல்லூரியில் படித்தது. ஆனால் அதை ஒரு வகுப்பாசிரியரின் கையில் தினசரி வழக்கமாகக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றவைத்தவர் இன்னொரு பள்ளியில் ஓர் அம்மா. அவரே தினமும் வகுப்பு வாசலில் நின்று செய்துவிட்டுப் போவார். ஓர் அம்மாவிடமிருந்து கற்றுக்கொண்டதில் எனக்கு வெட்கம் இல்லை. அவர் இல்லாத பள்ளிகளை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

சரி, எங்களுக்கு வேண்டியது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில், அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறுங்கள். மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த, பள்ளிக் குழந்தைகளோடு தொடர்புள்ள பயிற்சிகளுக்குப் போகும் நாட்களை ஓ.டி.யாகக் கணக்கிட எழுத்துப்பூர்வமான ஆணை வேண்டும். ஆண்டுக்கு இத்தனை நாள் என்று வரம்பு வையுங்கள், நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அலுவலகத்துக்கு அலுவலகம், ஆளுக்கு ஆள் மாறாமல் இருந்தால் போதும். ஆண்டில் ஒரு பயிற்சிக்காவது கட்டணத்தைத் துறை ஏற்க வேண்டும். தொகுப்பூதியத்தில் இருப்பவருக்கு அந்தத் தொகை சின்னது அல்ல.

இரண்டாவது, பொதுப் பயிற்சியின் இரண்டு நாளில் ஒரு நாளையாவது எங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். மாநிலம் முழுவதும் உள்ள பள்ளிப் பேச்சுப் பயிற்சியாளர்களை மண்டலவாரியாக ஓரிடத்தில் கூட்டுங்கள். கூடம் வேண்டாம், மைக் வேண்டாம். ஒரு பள்ளி வேண்டும். குழந்தைகள் இருக்க வேண்டும். ஒருவர் வேலை செய்ய, மற்றவர்கள் பார்க்க, பிறகு பேச வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு சீனியர் வேண்டும். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலும் எங்கள் படிப்புக்கான துறைகள் இருக்கின்றன. மைசூரில் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1960களிலிருந்து இயங்குகிறது. இவற்றில் ஒன்றிரண்டோடு துறை ஒப்பந்தம் போட்டுக்கொண்டால், மாதம் ஒருமுறை இணையவழியில் ஒரு மணி நேரம் எங்கள் குழந்தைகளைப் பற்றி விவாதிக்கலாம். பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு, குழந்தையின் அடையாளம் வெளியே போகாதபடி, காணொளியைக் காட்டலாம். பருவத்துக்கு ஒருமுறை அவர்களில் ஒருவர் எங்களோடு ஒரு நாள் பள்ளிக்கு வரலாம். என் வேலையை ஒருவர் பார்க்க வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.

தமிழ் ஒலிகளையும் மொழி வளர்ச்சியையும் பற்றி நம் கல்லூரிகளில் மாணவர்கள் செய்த முதுகலை ஆய்வேடுகள் நூலக அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றிலிருந்து பயன்படும் பகுதிகளை எடுத்து, எங்கள் நோட்டுகளையும் சேர்த்து, தமிழ் ஒலிப் பயிற்சிக் கையேடு ஒன்றும், பேச்சு வழக்கை அடிப்படையாகக் கொண்ட படப் பலகை ஒன்றும் தயாரிக்க ஒரு சின்னக் குழு அமையுங்கள். அதில் தினமும் பள்ளிக்குப் போகிறவர்கள் பாதிப்பேராவது இருக்க வேண்டும்.

பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அவர்களோடு எங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வட்டார வழக்கைக் குறைபாடாக எழுதாமல் இருக்க, ஆறு ஒலிச் சோதனை செய்ய, திக்கும் பிள்ளையை வகுப்பில் எப்படிப் படிக்கவைப்பது என்று சொல்ல அது போதும். நாங்கள் சொல்வதோடு, வகுப்பில் என்ன நடக்கிறது என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அதுவும் எங்களுக்குப் படிப்புதான்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் வந்தால் அடுத்த கல்வியாண்டின் பயிற்சி அட்டவணையில் இதைச் சேர்க்க நேரம் இருக்கும். நாங்கள் ஆறு பேர், வெவ்வேறு மாவட்டங்களில் இருப்பவர்கள், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் கூடி, சொந்தச் செலவில், மூன்று நாள் பயிற்சிக்கான வரைவு ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். பதினான்கு பக்கம். அதை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறோம். ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள். அந்த நாளை ஓ.டி.யாகவும் குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தென் மாவட்ட வட்டார வள மையம் ஒன்றின் பேச்சுப் பயிற்சியாளர்